வலைப்பதிவு எழுதுவோருக்கான நெறிமுறைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் சொந்தத் தளத்தில், என் ஓய்வு நேரத்தில் எழுதுகிறேன். இதற்கு நெறிமுறை எதற்கு?

அச்சில் வரும் ஒரு கட்டுரை வாசகரை அடைவதற்கு முன், எழுதியவரைத் தவிர உதவி ஆசிரியர், ஆசிரியர், மெய்ப்புத் திருத்துபவர் எனச் சிலர் கண்ணிலாவது படுகிறது. "இதற்கு ஆதாரம் என்ன?", "இந்தப் பெயரைக் கட்டாயம் போட வேண்டுமா?" என்று அவர்களில் யாராவது ஒருவர் கேட்பார். வலைப்பதிவில் இக்கேள்விகளைக் கேட்க ஆளில்லை. எழுதி முடித்த கையோடு வெளியிடுவதும் பதிவரே. இந்தச் சுதந்திரம் அருமையானது. அதை விட்டுக்கொடுக்கச் சொல்லி யாரும் கேட்கக் கூடாது. ஆனால் ஆசிரியர் குழு இல்லை என்பதற்காக, அந்தக் குழு செய்துவந்த வேலை இல்லாமல் போய்விடுவதில்லை. அது முழுவதும் எழுதுபவர் மீதே வந்து சேர்கிறது.

தளம் நம்முடையது என்றாலும், அதில் எழுதப்படுபவை நம்மைப் பற்றியவை மட்டுமல்ல. முன்னாள் முதலாளி, உறவினர், பயணத்தில் சந்தித்தவர், நாம் மேற்கோள் காட்டும் இன்னொரு பதிவர் என்று பலர் நம் எழுத்துக்குள் வருகிறார்கள். தங்களைப் பற்றி எழுதப்பட்டிருப்பதே அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது; தெரிந்தாலும் மறுத்துப் பேச அவர்களுக்கென்று ஒரு தளம் இருக்காது. இந்தப் பக்கத்தில் உள்ள விடைகள் அப்படி எதிரில் இல்லாத மனிதரை மனத்தில் வைத்தே எழுதப்பட்டுள்ளன.

பதிவர்களுக்கென்று பொதுவான நடத்தை விதிகள் ஏதும் உள்ளனவா?

முயற்சிகள் நடந்திருக்கின்றன. 2007இல் தொழில்நுட்பம் பற்றி எழுதிவந்த ஒரு பெண் பதிவருக்கு இணையத்தில் கொலை மிரட்டல்கள் வந்தன. அதைத் தொடர்ந்து பதிப்பாளர் டிம் ஓ'ரெய்லி பதிவர்களுக்கான நடத்தை விதிகளின் வரைவு ஒன்றை முன்வைத்தார். விதிகளை ஏற்பவர்கள் தங்கள் தளத்தில் ஒரு சின்னத்தைப் பதித்துக்கொள்ளலாம் என்ற யோசனையும் அதில் இருந்தது. அது பரவலாக ஏற்கப்படவில்லை. கருத்துரிமையைக் கட்டுப்படுத்தும் என்று பலர் எதிர்த்தனர். ஒரே அச்சில் எல்லாரையும் வார்க்க முடியாது என்று வேறு சிலர் கருதினர்.

நடைமுறையில் அதிகம் உதவுபவை இதழியலின் பழைய நெறிகளே. அமெரிக்கத் தொழில்முறை இதழாளர் கழகத்தின் நெறிமுறை நான்கு கடமைகளைச் சொல்கிறது: உண்மையைத் தேடி வெளியிடுதல், தீங்கைக் குறைத்தல், சார்பின்றி இயங்குதல், பொறுப்பேற்று வெளிப்படையாக நடத்தல். சமையல் குறிப்பு எழுதுபவருக்கும் அரசியல் விமர்சனம் எழுதுபவருக்கும் இந்த நான்கும் ஒரே அளவில் பொருந்தா. பயண அனுபவம் எழுதுபவர் எல்லாத் தரப்பையும் கேட்டு எழுத வேண்டியதில்லை. ஒருவர் மீது குற்றம் சுமத்தி எழுதுபவர் கேட்டே ஆக வேண்டும்.

மற்றவர் எழுத்திலிருந்து எவ்வளவு எடுத்தாளலாம்?

இத்தனை சொற்கள் வரை எடுக்கலாம் என்று பலர் ஓர் எண்ணைச் சொல்வதுண்டு. எங்கும் செல்லுபடியாகும் அப்படியோர் எண் கிடையாது. நியாயமான பயன்பாடு எது என்பதை ஒவ்வொரு நாட்டுச் சட்டமும் வெவ்வேறு வகையில் வரையறுக்கிறது. ஆனால் நெறி சார்ந்த சோதனை எளிது: உங்கள் பதிவைப் படித்த பிறகு மூலத்தைத் தேடிப் போக வேண்டிய தேவையே வாசகருக்கு இல்லாமல் போய்விட்டதா? போய்விட்டது என்றால், நீங்கள் எடுத்தது மேற்கோளின் எல்லையைத் தாண்டிவிட்டது. விவாதிக்கப்போகும் வரிகளை மட்டும் மேற்கோள் குறிக்குள் தந்து, எழுதியவர் பெயரையும் சுட்டியையும் அங்கேயே கொடுத்து, அதன் மீது உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

முழுக் கட்டுரையையும் எடுத்துப் போட்டுவிட்டுக் கடைசியில் "நன்றி: இணையம்" என்று எழுதும் வழக்கம் தமிழில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. இணையம் எதையும் எழுதுவதில்லை. எழுதியவர் ஒரு மனிதர், அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் அந்தக் கட்டுரையை எடுத்துப் போடாமல் இருப்பதே முறை. பெயரைக் கண்டுபிடித்து நன்றி சொல்லிவிட்டால் மட்டும் போதாது. நன்றி சொல்வது அனுமதி பெற்றதாகாது.

சொற்களை மாற்றி என் நடையில் எழுதிவிட்டால் அது திருட்டாகாது அல்லவா?

"மழைக்காலத்தில் ஏரிகள் நிரம்பினாலும் கால்வாய்கள் தூர்ந்துபோனதால் வயல்களுக்கு நீர் சென்று சேர்வதில்லை" என்று ஒருவர் எழுதியிருப்பதாகக் கொள்வோம். அதை "மாரிக்காலத்தில் குளங்கள் நிறைந்தாலும் வாய்க்கால்கள் மண்மூடியதால் கழனிகளுக்குத் தண்ணீர் போவதில்லை" என்று எழுதினால் ஏறத்தாழ ஒவ்வொரு சொல்லும் மாறிவிட்டது. ஆனால் வாக்கியத்தின் எலும்புக்கூடும் அதற்குள் இருக்கும் சிந்தனையும் அப்படியே முதல் எழுத்தாளருடையவை. இதுவும் எடுத்தாள்கைதான், மூலத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பொதுவாகத் தெரிந்த தகவலுக்கு மூலம் சொல்லத் தேவையில்லை. ஒருவர் உழைத்துக் கண்டறிந்த தகவலுக்கும், ஒருவருக்கே உரிய வாதத்துக்கும், ஒருவர் அடுக்கிய வரிசைக்கும் தேவை. மொழிபெயர்ப்பும் இதில் அடங்கும்: பிறமொழிக் கட்டுரையைத் தமிழாக்கி வெளியிட மூல ஆசிரியரின் அனுமதி வேண்டும்; "தழுவல்" என்று குறிப்பிடுவது அந்த அனுமதிக்கு ஈடாகாது.

படங்களைத் தேடுபொறியிலிருந்து எடுத்துப் பயன்படுத்தலாமா?

தேடுபொறி படத்தைக் காட்டுகிறது. அதன் உரிமையை வழங்குவதில்லை. பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமாக 1886இல் உருவான பெர்ன் உடன்படிக்கையின் 1908ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்து, படைப்பு உருவானவுடனேயே பதிப்புரிமை வந்துவிடுகிறது. பதிவு செய்யவோ ஒரு முத்திரையைப் போடவோ தேவையில்லை. ஆகவே ஒரு படத்தின் மீது பெயர் இல்லை என்பதால் அது யாருக்கும் உரிமையில்லாதது ஆகிவிடாது. பொதுவாகப் படைப்பாளர் இறந்து குறைந்தது 50 ஆண்டுகள் வரை இந்த உரிமை நீடிக்க வேண்டும் என்கிறது அவ்வுடன்படிக்கை. பல நாடுகள் அதை 60, 70 ஆண்டுகளாக நீட்டித்துள்ளன.

முறையாகப் பயன்படுத்தக்கூடிய படங்களுக்குக் குறைவில்லை. 2002 டிசம்பரில் வெளிவந்த கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களின் கீழ் ஏராளமான படங்கள் கிடைக்கின்றன. படைப்பாளரைக் குறிப்பிட வேண்டும், வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, மாற்றக் கூடாது, அதே உரிமத்தில்தான் பகிர வேண்டும் என்ற நான்கு நிபந்தனைகளில் எவை ஒரு படத்துக்கு விதிக்கப்பட்டுள்ளன என்று பார்த்துக்கொள்ளுங்கள். தளத்தில் விளம்பரம் வைத்திருப்பவர்கள் வணிகத் தடை உள்ள படங்களைத் தவிர்த்துவிடுவது பாதுகாப்பானது. படத்தின் அடியில் அதன் தலைப்பு, எடுத்தவர் பெயர், மூலத்துக்கான சுட்டி, உரிமத்தின் பெயர், வெட்டியோ நிறம் மாற்றியோ இருந்தால் அந்தத் தகவல் ஆகியவற்றைத் தர வேண்டும்.

ஒரு தகவலை எந்த அளவுக்குச் சரிபார்த்த பின் எழுதலாம்?

தகவல் தவறாகிப் போனால் யாருக்கு என்ன ஆகும் என்பதைப் பொறுத்தது அது. ஒரு நூல் வெளியான ஆண்டு தவறாக இருந்தால் திருத்திவிடலாம். ஒருவரைக் குற்றவாளி என்று தவறாகச் சொல்லிவிட்டால் திருத்தம் அவரை எட்டுவதற்குள் அவர் வாழ்க்கை குலைந்திருக்கும். 2013 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு, இணையப் பயனர்கள் புகைப்படங்களை ஒப்பிட்டுப் பார்த்து, ஒரு மாதமாகக் காணாமற்போயிருந்த கல்லூரி மாணவர் ஒருவரைச் சந்தேகநபர் என்று பரப்பினர். மகனைத் தேடிக்கொண்டிருந்த குடும்பத்தின் மீது வசைகள் குவிந்தன. அவருக்கும் அந்தத் தாக்குதலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. சில நாட்களில் அவர் உடல் ஆற்றிலிருந்து மீட்கப்பட்டது. பகிர்ந்தவர்களில் பலர் நல்லெண்ணத்தோடு உதவுவதாகவே நினைத்திருப்பார்கள் என்பதுதான் இதில் மிகவும் வருத்தமூட்டுவது.

பத்துத் தளங்களில் வந்திருக்கிறது என்பது பத்து ஆதாரங்கள் ஆகாது. அந்தப் பத்தும் ஒரே மூலத்திலிருந்து எடுத்திருக்கக்கூடும். பின்னோக்கிச் சென்று முதலில் சொன்னவர் யார், அவர் நேரில் அறிந்தாரா, கேள்விப்பட்டாரா என்று பார்க்க வேண்டும். படமாக இருந்தால் படத் தேடலில் இட்டு, அது முன்பே வேறோர் ஊரில், வேறொரு நிகழ்வில் வந்ததா என்று பாருங்கள். உறுதிப்படுத்த முடியவில்லை, ஆனால் எழுத வேண்டும் என்றால், உறுதிப்படுத்தப்படாதது என்று முதல் பத்தியிலேயே சொல்லுங்கள். தனி மனிதர் ஒருவரின் பெயர் இதில் இருந்தால், அப்படிச் சொல்லியும்கூட எழுதாதீர்கள்.

வெளியிட்ட பின் பிழை தெரிந்தால் எப்படித் திருத்துவது?

எழுத்துப்பிழை, சந்திப்பிழை, ஓடாத சுட்டி ஆகியவற்றைச் சத்தமில்லாமல் சரிசெய்யலாம். பொருளை மாற்றும் திருத்தத்தை அப்படிச் செய்யக் கூடாது. பழைய வடிவத்தைப் படித்துவிட்டுப் போனவர்களும், அதை நம்பி வேறெங்கோ மேற்கோள் காட்டியவர்களும் இருக்கிறார்கள். திருத்தக் குறிப்பு நான்கு விவரங்களைச் சொல்ல வேண்டும்: எப்போது திருத்தப்பட்டது, முன்பு என்ன இருந்தது, இப்போது சரியானது எது, யார் சுட்டிக்காட்டினார்கள். எடுத்துக்காட்டாக:

"திருத்தம், மார்ச் 14: கூட்டத்தில் தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்தவர் சங்கத்தின் செயலாளர் என்று இப்பதிவில் எழுதப்பட்டிருந்தது. எதிர்த்தவர் பொருளாளர், செயலாளர் ஆதரித்தே வாக்களித்தார். கூட்டக் குறிப்பை அனுப்பிப் பிழையைச் சுட்டிக்காட்டிய வாசகருக்கு நன்றி."

இதில் மழுப்பல் இல்லை என்பதைக் கவனியுங்கள். "சில தகவல்கள் புதுப்பிக்கப்பட்டுள்ளன" என்ற வரி செயலாளருக்கு எந்த நியாயத்தையும் செய்யாது. அவர் எதிர்த்தார் என்று படித்தவருக்கு அவர் ஆதரித்தார் என்பது தெரிய வேண்டும். குறிப்பைப் பதிவின் தலையிலேயே வையுங்கள். தவறான சொற்களை அழிக்காமல் குறுக்குக்கோடிட்டு, பக்கத்தில் சரியானதை எழுதும் பழைய பதிவர் வழக்கமும் நல்லதே. ஒருவரின் பெயரைக் கெடுக்கும் தவறு என்றால் மட்டும் குறுக்குக்கோடு போதாது, நீக்கிவிட வேண்டும். பதிவைச் சமூக ஊடகங்களில் பகிர்ந்திருந்தால், திருத்தத்தையும் அங்கெல்லாம் பகிருங்கள்.

குடும்பத்தினரையும் நண்பர்களையும் பற்றி எழுதலாமா?

சொந்த வாழ்க்கையை எழுதுபவரால் மற்றவர்களைத் தவிர்க்க முடியாது. உங்கள் திருமணம் உங்கள் கதை என்பதில் ஐயமில்லை. அது இன்னொருவரின் கதையும்கூட. எழுதும் முன் அவரிடம் காட்டுவது சிறந்தது. பெயரை மாற்றினால் போதும் என்று நினைப்பவர்கள், தொழில், ஊர், வயது, உறவுமுறை ஆகியவற்றைச் சேர்த்துப் படிப்பவருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும் என்பதை மறந்துவிடுகிறார்கள். முன்பின் தெரியாதவருக்கு ஆளைத் தெரியாமல் இருக்கலாம். அவருடைய அலுவலகத்துக்கும் உறவினருக்கும் தெரியும், அவர்கள் முன்னால்தான் அவர் தினமும் போய் நிற்க வேண்டும்.

குழந்தைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை, ஏனெனில் அவர்களால் சம்மதம் தர முடியாது. படுக்கையை நனைத்தது, தேர்வில் தோற்றது, மருத்துவரிடம் அழைத்துச் சென்றது எல்லாம் இன்று பெற்றோருக்கு நெகிழ்ச்சியான நினைவுகள். அதே குழந்தை வளர்ந்து பதினைந்து வயதில் தன் பெயரைத் தேடும்போது, அல்லது வகுப்புத் தோழர்கள் தேடும்போது, அவை வேறு பொருள் கொள்ளும். பெற்றோராக நீங்கள் அடைந்த தவிப்பை எழுதுங்கள். குழந்தையின் நோயையும் குறையையும் அதன் பெயரோடு சேர்த்து எழுதாதீர்கள்.

படங்களில் முகத்தை மட்டும் மறைத்தால் போதாது. சீருடையில் உள்ள பள்ளிச் சின்னம், பின்னணியில் நிற்கும் வண்டியின் எண், வாசல் கதவின் இலக்கம் எல்லாமே முகவரிகள். கைபேசியில் எடுத்த படக் கோப்புக்குள்ளேயே எடுத்த நேரமும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையும் பதிந்திருக்கக்கூடும். 2012 டிசம்பரில், தலைமறைவாக இருந்த மென்பொருள் தொழிலதிபர் ஜான் மெக்காஃபியுடன் எடுத்த படத்தை ஓர் இதழ் இணையத்தில் வெளியிட்டபோது, கோப்பிலிருந்த இடத் தகவலைக் கொண்டே அவர் குவாத்தமாலாவில் இருப்பது வெளிப்பட்டது. பெரும்பாலான சமூக ஊடகங்கள் இத்தகவலை நீக்கிவிட்டே படத்தைக் காட்டுகின்றன; நீங்களே நடத்தும் தளம் நீக்கும் என்று நம்பிவிடாமல், ஏற்றும் முன் நீங்களே நீக்கிவிடுங்கள்.

ஒருவர் தனிப்பட்ட முறையில் அனுப்பிய செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெளியிடலாமா?

பொதுவாகக் கூடாது. மிரட்டல், மோசடி, பாலியல் தொல்லை ஆகியவற்றுக்கு ஆதாரமாக இருந்தால் விதிவிலக்கு உண்டு; அப்போதும் தொலைபேசி எண்ணையும் தொடர்பில்லாத மூன்றாமவர் பெயர்களையும் மறைத்துவிடுங்கள். விவாதத்தில் வெல்வதற்காக மட்டும் வெளியிடுவது நம்பிக்கைத் துரோகமே.

இலவசமாக வந்த பொருளைப் பற்றி நேர்மையாகத்தான் எழுதுகிறேன். அதையும் சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும். நேர்மையாக எழுதினீர்களா என்பதை முடிவுசெய்ய வேண்டியவர் வாசகர். அதற்குத் தேவையான தகவலை அவருக்கு மறுக்கக் கூடாது. அமெரிக்காவின் கூட்டரசு வணிக ஆணையம் 2009இல் திருத்திய வழிகாட்டுதல்கள், பணமோ பொருளோ பெற்றுப் பரிந்துரைக்கும் பதிவர்கள் அந்தத் தொடர்பை வெளிப்படுத்த வேண்டும் என்று வெளிப்படையாகவே கூறின. பின்னர் வேறு பல நாடுகளிலும் இத்தகைய விதிகள் வந்துவிட்டன. "இந்தக் கைபேசியை நிறுவனம் எனக்கு இலவசமாக அனுப்பியது, திருப்பித் தர வேண்டியதில்லை" என்பது போன்ற நேரடியான ஒரு வாக்கியம், பதிவின் தொடக்கத்தில், மற்ற எழுத்துகளின் அளவிலேயே இருக்க வேண்டும். வாசகர் வாங்கினால் உங்களுக்குத் தரகு வரும் சுட்டிகளுக்கும் இதே விதிதான். நிறுவனம் உறவினருடையது, முன்பு நீங்கள் வேலை பார்த்தது, அதன் பங்குகள் உங்களிடம் உள்ளன என்றால் அவற்றையும் சொல்லுங்கள். வெளியிடும் முன் தங்களுக்குக் காட்ட வேண்டும் என்று நிறுவனம் நிபந்தனை விதித்தால் மறுத்துவிடுங்கள். ஏற்றுக்கொண்டால் அது விமர்சனம் அல்ல, விளம்பரம் என்றே தலைப்பிட வேண்டும்.

என் நோய் எப்படிக் குணமானது என்று எழுதலாமா?

அனுபவத்தை எழுதலாம், அதை மருத்துவ ஆலோசனையாக மாற்றக் கூடாது. "நான் இதைச் சாப்பிட்டேன், எனக்குச் சரியானது" என்பதற்கும் "இதைச் சாப்பிட்டால் சரியாகும்" என்பதற்கும் இடையில் பெரிய தூரம் இருக்கிறது. துன்பத்தில் இருக்கும் வாசகர் அந்தத் தூரத்தை ஒரே நொடியில் கடந்துவிடுவார். கூடவே எடுத்துக்கொண்ட சிகிச்சையைச் சொல்லாமல் விடுவதும் தவறான வழிகாட்டலே. ஆஸ்திரேலியாவின் பெல் கிப்சன், தமக்கு மூளைப் புற்றுநோய் இருந்ததாகவும் உணவுமுறையால் அதைச் சமாளிப்பதாகவும் இணையத்திலும் செயலி வழியாகவும் பரப்பிப் பெரும் வாசகர் கூட்டத்தைப் பெற்றார். நோயே இல்லை என்று 2015இல் ஒப்புக்கொண்டார். 2017இல் நீதிமன்றம் அவருக்கு 4,10,000 ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. வேண்டுமென்றே பொய் சொல்பவர் அரிது. உண்மையாகவே குணமடைந்தவர் உற்சாகத்தில் மிகைப்படுத்திச் சொல்வது அதைவிடப் பரவலானது, அதனால் விளையும் ஆபத்தும் குறைந்ததல்ல.

ஒருவரின் தற்கொலையைப் பற்றி எழுதும்போது என்ன கவனம் தேவை?

உலகச் சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்கு இது குறித்த வழிகாட்டுதல்களை 2000ஆம் ஆண்டிலிருந்து வெளியிட்டுவருகிறது. எப்படி, எங்கே நிகழ்ந்தது என்று விவரிக்கக் கூடாது. ஒற்றைக் காரணத்தைச் சொல்லி எளிமைப்படுத்தக் கூடாது. வீரச் செயலாகவோ தீர்வாகவோ காட்டக் கூடாது. இறந்தவர் எழுதிய கடிதத்தை வெளியிடக் கூடாது. உதவி கிடைக்கும் இடத்தைப் பதிவிலேயே தர வேண்டும். அதே நிலையில் தவிக்கும் ஒருவர் உங்கள் பதிவைப் படிக்கக்கூடும் என்ற எண்ணத்தோடு எழுதினால் இவை அனைத்தும் தாமாகவே புரியும்.

புனைபெயரில் எழுதுவது ஏமாற்றா?

இல்லை. வேலை, குடும்பம், உயிர்ப் பாதுகாப்பு எனப் புனைபெயருக்கு வலுவான காரணங்கள் பலருக்கு உண்டு. புனைபெயர் இல்லையென்றால் அவர்கள் எழுதவே முடியாது. பெயரை மறைப்பது வேறு, இல்லாத வாழ்க்கையைக் கட்டி எழுப்புவது வேறு. 2011இல் சிரியாவின் டமாஸ்கஸில் வாழும் தன்பாலீர்ப்புப் பெண் ஒருவருடையது என்று உலகமே நம்பிய வலைப்பதிவை எழுதியவர், எடின்பரோவில் படித்துக்கொண்டிருந்த ஓர் அமெரிக்க ஆண் என்று தெரியவந்தது. அவர் அப்பெண் கடத்தப்பட்டதாகவும் எழுதியிருந்தார். அவளை விடுவிக்கப் பலர் இயக்கம் நடத்தினர். அவளுடையது என்று பரவிய படம் லண்டனில் வாழ்ந்த, எதுவும் அறியாத வேறொரு பெண்ணுடையது. உண்மையிலேயே அந்நாட்டில் ஆபத்துக்கு நடுவே எழுதிக்கொண்டிருந்தவர்களை நம்புவதற்கும் அதன்பின் வாசகர்கள் தயங்கினர்.

புனைபெயருக்குப் பின்னாலிருந்து மற்றவர்களைப் பெயர் சொல்லித் தாக்குவது அநீதியானது. உங்களுக்கு இருக்கும் கேடயம் அவருக்கு இல்லை. புனைபெயரில் எழுதுபவர் ஆதாரத்தில் மற்றவர்களைவிடக் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவியைப் பயன்படுத்தி எழுதலாமா?

பிழை பார்க்கவும் தகவலைத் தொகுக்கவும் பயன்படுத்துவதில் தவறில்லை. இக்கருவிகள் இல்லாத நூல்களையும் சொல்லப்படாத மேற்கோள்களையும் உண்மைபோலவே எழுதித் தரக்கூடியவை என்பதால், ஒவ்வொரு பெயரையும் எண்ணையும் மூலத்தில் பார்த்த பிறகே வெளியிட வேண்டும். "கருவிதான் அப்படிச் சொன்னது" என்று பின்னர் விலகிக்கொள்ள முடியாது. பதிவின் பெரும்பகுதி கருவி எழுதியது என்றால் அதை வாசகரிடம் சொல்லுங்கள். படம் உருவாக்கப்பட்டது என்றால் படத்தின் அடியிலேயே சொல்லுங்கள். நடக்காத அனுபவத்தை நடந்ததாக எழுத வைப்பது எந்த அறிவிப்பாலும் சரியாகாது.

பழைய பதிவு ஒன்றை நீக்கச் சொல்லி அதில் இடம்பெற்றவர் கேட்கிறார். நீக்க வேண்டுமா?

முதலில் பொறுமையாகக் கேளுங்கள். இதில் இரண்டு நியாயங்கள் மோதுகின்றன: நடந்ததைப் பதிவுசெய்யும் உரிமை ஒன்று, பழையதிலிருந்து விலகி வாழும் உரிமை மற்றொன்று. 2014 மே மாதத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கில், ஸ்பெயினைச் சேர்ந்த ஒருவர், தம் கடனுக்காகச் சொத்து ஏலம் விடப்பட்ட 1998ஆம் ஆண்டுச் செய்தி அறிவிப்பு, தம் பெயரைத் தேடும்போதெல்லாம் வருவதை எதிர்த்தார். அறிவிப்பு பொய்யல்ல, கடன் எப்போதோ தீர்ந்துவிட்டது. காலத்தால் பொருத்தமிழந்த இத்தகைய முடிவுகளைப் பெயர்த் தேடலிலிருந்து நீக்கும்படி தேடுபொறியிடம் கோரலாம் என்று தீர்ப்பானது. நாளிதழின் பக்கம் நீக்கப்படவில்லை.

பதிவருக்கும் இத்தகைய இடைவழிகள் உண்டு. பெயரை முதலெழுத்தாகச் சுருக்கலாம், படத்தை எடுக்கலாம், தேடுபொறிகள் அப்பக்கத்தைப் பட்டியலிடாதபடி அமைக்கலாம், பின்னர் நடந்ததைச் சேர்க்கலாம். கேட்பவர் தனி மனிதராகவும், செய்தி சிறியதாகவும், ஆண்டுகள் பல ஆனதாகவும் இருந்தால் விட்டுக்கொடுப்பதையே பரிந்துரைப்போம். பொதுப் பதவியில் இருப்பவர் தம் பதவிக்கால நடத்தை பற்றிய உண்மையை மறைக்கக் கேட்டால் மறுக்கலாம். மறுப்பதற்கான காரணத்தை அவருக்கு மரியாதையோடு எழுதுங்கள். எந்த முடிவை எடுத்தாலும், அவர் எழுதிய கோரிக்கைக் கடிதத்தையே இன்னொரு பதிவாக வெளியிட்டுவிடாதீர்கள்.